சுருட்டும் பீடியும்: நெல்லைச் சீமையில் புகையிலையின் வரலாறு

சுருட்டு என்பது பதப்படுத்திய புகையிலைத் துண்டுகளை முழுப் புகையிலையாலேயே சுற்றி, இரு முனைகளையும் வெட்டிச் செய்யப்படும் புகைபொருள். புகையிலைத் தூளைத் தெண்டு மரத்தின் காய்ந்த இலையில் வைத்துச் சுற்றி நூலால் கட்டுவது பீடி. மண்ணாலோ மரத்தாலோ செய்த குழலில் புகையிலையை இட்டுப் புகைக்க உதவும் கருவி சுங்கான். இதை இன்று 'பைப்' என்கிறோம்.

அண்மைக் காலத்தில் சுருட்டும் சுங்கானும் இளைய தலைமுறைக்குக் கைப்பேசித் திரை வழியாக அறிமுகமாகின்றன. ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, தீக்குச்சியை உரசி, சுருட்டைப் பற்றவைத்து, மெல்லிய குரலில் பேசியபடி புகைப்பதைக் காட்டும் இளைப்பாறல் காணொளிகள் இணையத்தில் பல உள்ளன. இவற்றை 'ஏ.எஸ்.எம்.ஆர்.' காணொளிகள் என்பர். புகைப்பவரின் ஓய்வு மட்டுமே அவற்றில் தெரிகிறது. அந்த இலையைச் சுற்றிய கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகத் தாமிரபரணிக் கரையோர ஊர்களுக்கு, பெரும் பங்கு உண்டு.

பெயரும் வருகையும்

புகையிலை இந்திய மண்ணுக்கு உரிய செடி அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது. பீஜப்பூரிலிருந்து ஆக்ரா திரும்பிய அசத் பேக் என்னும் தூதர், 1604-05 அளவில் அக்பரின் அவையில் புகையிலையையும் புகைக்கும் குழலையும் காட்டினார். அக்பர் சிறிது புகைத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். அடுத்து வந்த ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை.

தமிழர் இந்த இலைக்குப் 'புகையிலை' என்று பொருள் விளங்கும் பெயரை வைத்தனர். சுருட்டப்பட்டதால் 'சுருட்டு' என்ற பெயர் வந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லும் போர்த்துக்கீசியத்தின் 'சருத்தோ' என்ற சொல்லும் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தவை. வெளியிலிருந்து வந்த செடியைக் கொண்டு செய்த பொருளுக்குத் தமிழ்ப் பெயரே உலகெங்கும் சென்றது.

சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய 'புகையிலை விடு தூது' என்ற சிற்றிலக்கியம் புகையிலையையே தூதாக்கிப் பழனி முருகனிடம் அனுப்புகிறது. உ.வே. சாமிநாதையர் இதைப் பதிப்பித்தார். சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, நான்முகனுக்குப் புகையிலை எனத் தேவர்கள் கொடுத்தனர் என்றும், மற்ற இருவரின் இலைகளும் நீரில் போய்விட நான்முகனின் இலை மட்டும் போகாமல் நின்றதால் 'போகையிலை' எனப் பெயர் பெற்றது என்றும் இந்நூல் வேடிக்கையாகப் பெயர்க் காரணம் சொல்கிறது. புலவர்கள் தூது விடுக்கும் அளவுக்கு இந்த இலை மக்கள் வாழ்வில் கலந்துவிட்டதை இதனால் அறியலாம்.

திருச்சிச் சுருட்டும் யாழ்ப்பாணச் சுருட்டும்

19ஆம் நூற்றாண்டில் 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' இங்கிலாந்து வரை புகழ்பெற்றது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலை திருச்சியிலும் அதன் பகுதியான உறையூரிலும் சுருட்டாக மாறியது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். லண்டன் வாசகருக்கு அந்தப் பெயரை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத் தமிழர் நடத்திய கடைகள் 'சுருட்டுக் கடை' என்றே அழைக்கப்பட்டன.

சுடலைமாடனுக்குச் சுருட்டு

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் சுருட்டு வழிபாட்டுப் பொருளாகவும் ஆனது. சுடலைமாடன் முதலான காவல் தெய்வங்களின் கொடை விழாவில் ஆட்டுக்கறி, சாராயம் ஆகியவற்றோடு சுருட்டும் படைக்கப்படுகிறது. அருள் வந்து ஆடும் சாமியாடி அந்தச் சுருட்டைப் புகைத்தபடி குறி சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. ஊரைக் காக்க இரவெல்லாம் விழித்திருக்கும் தெய்வத்துக்கு, இரவுக் காவலில் இருக்கும் மனிதன் விரும்புவதையே படைப்பதாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

இவ்வழக்கம் ஒரு வெள்ளைக்காரரையும் தெய்வமாக்கியது. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1849இல் வெளியிட்ட தம் நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க 1809இல் ஆங்கிலப் படை திருவிதாங்கூரின் எல்லைக் கோட்டையைத் தாக்கியது. அதில் படுகாயமுற்று இறந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர், போர் நடந்த இடத்திலிருந்து 25 மைல் தொலைவில் ஒரு மணல்வெளியில் புதைக்கப்பட்டார். பின்னாளில் அக்கம்பக்கத்து மக்கள் அவரை வழிபடத் தொடங்கினர். அவருக்குப் படைக்கப்பட்டவை சாராயமும் சுருட்டும். அகாலத்தில் மாண்டவரின் ஆவியை, அவர் உயிரோடு இருந்தபோது விரும்பியதைக் கொடுத்து அமைதிப்படுத்தும் நாட்டார் மரபே இதிலும் காணப்படுகிறது.

தாமிரபரணிக் கரையில் பீடி

20ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் புகையிலை வரலாறு சுருட்டிலிருந்து பீடிக்கு மாறியது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம், அம்பாசமுத்திரம் வட்டார ஊர்களில் பீடி சுற்றுதல் பரவியது. முக்கூடலின் சொக்கலால் பீடியும் திருநெல்வேலியின் செய்யது பீடியும் தமிழ்நாடு அறிந்த பெயர்கள் ஆயின. இவ்வூர்களில் தெண்டு மரமும் இல்லை, பீடிக்கான புகையிலைச் சாகுபடியும் இல்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறது. புகையிலைத் தூளும் வெளியிலிருந்தே வருகிறது. இங்கே கிடைத்தது வேலை தேடும் கைகள், அதிலும் பெண்களின் கைகள். வயல் வேலை ஆண்டு முழுதும் கிடைக்காது. வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்ய இயலாத பெண்களுக்கும் இது கூலி தந்தது.

வேலை முறை பின்வருமாறு. பீடிக் கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தரப்படும். இலையை நீரில் நனைத்து ஊறவைப்பர். பதமான இலையின் மேல் தகரத்தாலான அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவர். பிறகு பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலைத் துண்டிலும் சிறிது தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, மறுமுனையில் நூலைச் சுற்றுவர். தேர்ந்த பெண்மணி இதைச் செய்யும்போது கண் தட்டில் இருக்காது. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல்கள் தாமாக இயங்கும். நாள் முழுதும் உழைத்தால்தான் ஆயிரம் பீடியை எட்ட முடியும். கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. கடையில் தரம் பார்த்துக் கழித்துவிடும் பீடிக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை போதாவிட்டால் தன் காசில் வாங்கி ஈடு செய்ய வேண்டியும் வரும்.

1966இல் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் தொழிலாளராக ஏற்றது அதன் சிறப்பு. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி மீது விதித்த தீர்வையிலிருந்து மருத்துவம், வீட்டு வசதி, குழந்தைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. இந்த உதவித்தொகையால் பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகள் இம்மாவட்டத்தில் பலர்.

இதே தொழில் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்ததும் உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தாருடன் செய்யும் வேலை அத்தடைக்கு வெளியே இருந்தது. வேலையோ பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. பள்ளி விட்டு வந்ததும் தாய்க்கு இலை வெட்டிக் கொடுக்கும் சிறுமியை அந்தச் சட்டம் தொடவில்லை.

வாசிப்பும் வானொலியும்

ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யும் வேலையில் கை ஓடும். மனம் சும்மா இருக்கும். அந்த மனத்துக்கு ஒலியால் தீனி கொடுக்கும் வழக்கம் உலகின் பல சுருட்டு ஆலைகளில் இருந்தது. கியூபாவின் ஹவானா நகரில் 1865இல் சுருட்டுத் தொழிலாளர்கள், தாங்கள் வேலை செய்யும்போது செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்க ஒருவரை அமர்த்தினர். வாசிப்பவரின் கூலியைத் தொழிலாளர்களே பங்கிட்டுக் கொடுத்தனர். அங்கு விரும்பிக் கேட்கப்பட்ட 'மான்டி கிறிஸ்டோ' நாவலின் பெயர் பின்னர் ஒரு புகழ்பெற்ற சுருட்டுக்கே சூட்டப்பட்டது. கேரளத்தின் கண்ணூர் பீடிக் கூடங்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் நாளிதழ் வாசிக்க மற்றவர் கேட்டபடி பீடி சுற்றினர். 1969இல் தொடங்கிய கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவும் இதைத் தொடர்ந்தது.

நெல்லையில் பீடி வேலை கூடத்தில் அல்லாமல் வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஆகவே வாசிப்பவரின் இடத்தை வானொலி எடுத்துக்கொண்டது. திருநெல்வேலி வானொலியும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் திண்ணைகளில் ஒலித்தன. பின்னர் தொலைக்காட்சித் தொடர்கள் அந்த இடத்துக்கு வந்தன.

காணொளிகளும் உடல்நலமும்

'ஏ.எஸ்.எம்.ஆர்.' என்ற பெயர் 2010இல் உருவானது. கிசுகிசுப்பு, தாள் சலசலப்பு, மெல்லிய தட்டல் போன்ற ஒலிகளைக் கேட்கும்போது சிலருக்கு உச்சந்தலையிலிருந்து முதுகு வரை இதமான சிலிர்ப்பு பரவுகிறது. எல்லோருக்கும் இது ஏற்படுவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வுணர்வு பெறுபவர்களுக்கு அத்தகைய காணொளியைக் காணும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3 அளவில் குறைந்தது தெரியவந்தது.

புகையிலையின் வேலை இதற்கு நேர்மாறானது. அதிலுள்ள நிகோட்டின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. பழகியவருக்குப் புகைத்ததும் கிடைக்கும் நிம்மதியில் பெரும்பகுதி, புகைக்காததால் ஏற்பட்ட தவிப்பு அடங்குவதே. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். வாயின் உட்சவ்வு வழியாகவே நிகோட்டின் உடலில் சேர்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் சுருட்டு காரணமாகிறது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். சிகரெட் புகைப்போர் 4 விழுக்காடு, பீடி புகைப்போர் 7.7 விழுக்காடு.

புகைக்காமலே பாதிக்கப்படுபவர் பீடி சுற்றும் பெண்கள். நாள் முழுதும் தூளைத் தொடுவதாலும் அதன் நெடியைச் சுவாசிப்பதாலும் இருமல், தலைசுற்றல், கண் எரிச்சல் வருகின்றன. குனிந்தே அமர்ந்திருப்பதால் கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன.

2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடை செய்தது. திரைப்படங்களில் புகைக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. 2023இல் இணையவழித் திரைத் தளங்களுக்கும் அவ்விதி வந்தது. தனிமனிதர் பதிவேற்றும் இளைப்பாறல் காணொளிகள் பலவற்றில் இத்தகைய எச்சரிக்கை எதுவும் காணப்படுவதில்லை.

அக்காணொளிகளில் இதம் தருவது ஒலி, புகை அன்று. இலை நொறுங்கும் ஓசை, கத்தரியின் ஓசை, நூல் இழுபடும் ஓசை எல்லாம் முக்கூடலின் திண்ணைகளிலும் கேட்பவையே. காணொளியில் சுருட்டு புகைபவரைக் காணும் மாணவர், அதைச் சுற்றியவர் யார், ஆயிரத்துக்கு அவர் பெற்ற கூலி என்ன என்றும் கேட்டுப் பார்க்கலாம். நெல்லைச் சீமையில் அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அடுத்த தெருவிலேயே இருப்பார்கள்.