பாரும் தேரியும்

மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் நிற்கிற மேடு, காற்று கொண்டுவந்து குவித்த மணல். 1581இல் கோயில் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே அது இறுகிப் பாறையாகிவிட்டது. 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை கடல் பக்கம் இருக்கிறது. அந்தச் சரிவில் நின்று பாறையை உற்றுப் பாருங்கள். சாய்ந்த வரிகள், வரிமேல் வரியாக ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு காலத்தில் காற்று வீசிய பக்கத்தைக் காட்டுகிறது. சிப்பித்தூள் மழைநீரில் கரைந்து, திரும்ப உறைந்து, மணலை மணலோடு ஒட்டிவிட்டது. விரலால் அழுத்தித் தேய்த்தால் இன்றும் கொஞ்சம் உதிரும்.

பள்ளியில் புவியியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளை இந்தச் சரிவுக்குக் கூட்டி வருவேன். "இம்புட்டு மணல் எங்கருந்து சார் வந்துச்சு?" என்று தவறாமல் ஒருவன் கேட்பான். கடலைக் காட்டுவேன்.

என் அப்பா சங்கு குளித்தவர். கடலடி மணலில் சங்கு கிடக்கும், கடலடிப் பாறையான பாரில் முத்துச்சிப்பி ஒட்டும் என்பது அவருக்குப் பாலபாடம். 1961இல் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்ததோடு அந்தத் தொழில் நின்றுபோனது; பார்கள் அங்கேயேதான் கிடக்கின்றன. பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய தட்டைப் பாறைகள். கோயில் மேட்டுக் கல்லுக்குத் தூரத்து உறவு என்றே சொல்வேன்.

பார் கிடக்கும் இடம் எப்போதும் கடலாக இருந்ததில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வடபுலத்துக் கண்டங்கள்மீது பனி மலையாகக் கிடந்தபோது, உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. நம் கடலிலேயே அதற்கு நேரடிச் சாட்சி உண்டு. காரைக்காலுக்கு வெளியே கண்டத்திட்டின் விளிம்பருகே எடுத்த பவளத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினார்கள். 18,000 ஆண்டுகளுக்கு மேல் என்று விடை வந்தது. 2000இல் ஆய்வாளர் ஜி.ஜி.வாஸ் அதை வெளியிட்டார். பவளம் வெளிச்சம் எட்டும் ஆழத்தில்தான் வளரும். திட்டின் விளிம்பருகே ஆழத்தில் அது செத்துக் கிடக்கிறதென்றால், அன்று கரை அதற்குப் பக்கத்தில் இருந்தது.

பனி உருகக் கடல் ஏறியது. சராசரி எடுத்தால் நூறாண்டுக்கு ஒரு மீட்டர்; ஒரு மனிதனின் ஆயுளில் முழங்கால் அளவு. ஒரே இரவில் நாட்டை விழுங்கியதாகக் கதை சொல்லும் கடல்கோளோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். பார் கிடக்கும் இடமெல்லாம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை தரையாகவோ கரையாகவோ இருந்தது. அந்தத் திறந்த வெளியின் மணலைத்தான் காற்று உள்நாட்டுக்கு அள்ளி வந்தது. மெஞ்ஞானபுரத்திலும் குதிரைமொழியிலும் நாம் பார்க்கும் செம்மணல் மேடுகளான தேரிகளில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான்.

அந்தத் தேரிகளில் சிறு கற்கருவிகள் கிடக்கின்றன. காலத்தைக் கணிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட எஃப்.இ.சாய்னர், தொல்லியலாளர் பிரிட்ஜெட் ஆல்ச்சினோடு சேர்ந்து 1956இல் அவற்றைப் பற்றி எழுதினார். கருவிக்கு வயது சொல்ல அவர் பிடித்த பிடி கடல்மட்டம்தான்: இன்றைவிடக் கடல் உயர்ந்து நின்ற ஒரு காலத்தோடு தேரியை இணைத்து, கி.மு. 4000 வாக்கில் என்றார். மணலையே நேராகக் கேட்கும் வழி அன்று கையில் இல்லாதபோது இப்படி யோசித்தது பெரிய காரியம்.

இன்று அந்த வழி இருக்கிறது. வெயில் பட்ட மணல்மணி தன்னுள் தேக்கிய ஆற்றலை இழந்துவிடும். புதைந்தபின், சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் திரும்பச் சேர்க்கத் தொடங்கும். ஆகவே வெட்டிய குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் புகாமல் இரு முனையும் அடைத்து, ஆய்வுக்கூடத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் திறக்கிறார்கள். ஒளியூட்டினால் மணி தன் தேக்கத்தை ஒளியாக உமிழும். அதிலிருந்து கடைசியாக வெயில் கண்ட காலம் கணிக்கப்படும். இம்முறையில் கரையோரத் தேரிகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்வரை குவிந்தவை என்று தெரியவந்தது. அதாவது, பெரும்பாலும் கடல் ஏறிக்கொண்டிருந்த அதே காலம்.

ஏறிய கடல் இன்றைய மட்டத்தோடு நின்றதா? ராமநாதபுரம் கரையில் அலைக்கு மேலே தலைகாட்டும் பவளப்பாறையை ஆய்வாளர்கள் டேவிட் ஸ்டாட்டார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் ஆராய்ந்தார்கள். வயது சுமார் 4,000 ஆண்டு. கடல் அன்று சற்று உயர்ந்து நின்றிருக்க வேண்டும், இல்லை தரை எழும்பியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று ஓரிடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய துறைமுகமான கொற்கை அதற்கு நல்ல எச்சரிக்கை. அங்கே கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. அந்தத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே. அதற்கு முதற்காரணம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதனால்தான் கடல்மட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் பல இடத்து மணலும் சிப்பியும் வேண்டும்.

ஆனால் அந்த மணல் குறைந்துகொண்டே வருகிறது. கனிம மணல் அள்ளுவதை அரசு 2013இல் நிறுத்தியது. அதற்குள் கலைந்த அடுக்குகளை யாரும் திரும்ப அடுக்க முடியாது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியாயிற்று. சுற்றுவட்டாரத்தில் இனி சாலையும் கட்டடமும் வரும். வரட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கிணறு வெட்டும்போதோ வானம் தோண்டும்போதோ சிப்பி அடுக்கு தட்டுப்பட்டால், எத்தனை அடியில் என்று அளந்து எழுதிவையுங்கள், படம் எடுங்கள், மூடுவதற்குள் தூத்துக்குடியில் புவியமைப்பியல் படிப்பிக்கிற கல்லூரிக்கு ஒரு போன் போடுங்கள்.