டைபாய்டு = டைபஸ் 'மாதிரி'

"ரிப்போர்ட்ல ஸ்க்ரப் டைபஸ்னு போட்டிருக்கே டாக்டர், டைபாய்டு தானே அது?"

மழை சீசனில் அடிக்கடி வரும் கேள்வி இது. இல்லைங்க. ரெண்டும் வேற வேற நோய். ஆனா இந்தக் குழப்பத்துக்கு வயசு 200 வருஷம். அதுவும் டாக்டர்கள் ஆரம்பிச்சு வச்ச குழப்பம் 😀

'ஆய்டு' என்று முடியும் சொற்களைக் கவனியுங்கள். உருவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஒட்டு அது. நம்ம ஊர் 'போல', 'மாதிரி'. தைராய்டு என்றால் கேடயம் போன்றது. டெல்டாய்டு என்றால் டெல்டா எனும் முக்கோண எழுத்து போன்றது. அப்படியானால் டைபாய்டு? டைபஸ் போன்றது. அவ்வளவுதான்.

டைபஸ் என்ற பெயரும் கிரேக்கம்தான். புகை, மூளை மங்கிய நிலை என்று பொருள். கடும் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடப்பவர்களுக்கு வைத்த பெயர். டைபாய்டு முற்றினாலும் அதே பிதற்றல் வரும். அதனால் ரெண்டையும் ஒரே நோய் என்றே பலர் நம்பினார்கள்.

பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து 1829-ல் ஒரு நூல் வெளியிட்டார். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள். டைபாய்டு என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான்.

அவரிடம் படித்த கெர்ஹார்ட் என்ற அமெரிக்கர் ஊர் திரும்பினார். 1836-ல் பிலடெல்பியாவில் டைபஸ் கொள்ளைநோய். அவரும் குடலைத் திறந்து பார்த்தார். புண்ணே இல்லை! 1837-ல் 'இது வேறு, அது வேறு' என்று எழுதினார். அப்பவும் எல்லோரும் ஏத்துக்கல. லண்டனில் வில்லியம் ஜென்னர் (அம்மை தடுப்பூசி ஜென்னர் இல்லை, இவர் வேற) 1849 முதல் நோயாளிகளை வரிசையாக ஒப்பிட்டு எழுதிய பிறகே விவாதம் அடங்கியது.

கிருமிகள் தெரிய வந்தபோது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டைபாய்டு சால்மோனெல்லா பாக்டீரியா. கெட்ட தண்ணீர், உணவு வழியாக வரும். டைபஸ் பேன் மூலம் பரவுவதை 1909-ல் சார்லஸ் நிக்கோல் காட்டினார். 1928-ல் நோபல் பரிசு.

ஆனாலும் பெயர் மட்டும் மாறவே இல்லை.

நம்ம ஊரில் இப்போது பார்ப்பது ஸ்க்ரப் டைபஸ். பேன் டைபஸின் இன்னொரு 'மாதிரி' இது. புதர், புல்வெளியில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டைபாய்டுக்கு நாம் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் வேண்டும். தாமதமானால் நுரையீரல், கிட்னி, மூளை வரை பாதிக்கும், உயிரும் போகலாம்.

அதனால் விடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக டைபாய்டு என்று முடிவு கட்டாதீங்க. அந்த டெஸ்ட் ஏமாற்றும். காய்ச்சல் குறையவே இல்லையா? அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழே பாருங்க. சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க. வலிக்காது, அரிக்காது. நீங்களா தேடினால்தான் தெரியும்.