பிராக்கிதெரபி: கதிர்மூலத் தேர்வு

புற்றுக்கட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ கதிர்மூலத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை பிராக்கிதெரபி. கதிரின் ஆற்றல், அரை ஆயுள், மூலத்தின் பருமன் ஆகியவற்றைப் பார்த்தே ஐசோடோப்பைத் தேர்கிறார்கள். முதலில் ஆண்டது ரேடியம்-226. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு; உறை விரிசல் விட்டால் ராடான் வாயு கசியும். பின்னர் சீசியம்-137 அதை ஓரங்கட்டியது.

கருப்பைவாய்ப் புற்றுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது இரிடியம்-192. அரிசிமணியைவிடச் சிறிய மூலம், மெல்லிய கம்பியின் நுனியில் இருக்கும். கருவி அதைக் குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்தி, குறித்த இடங்களில் சில விநாடி நிறுத்தித் திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்நேரம் நோயாளி தவிர அறையில் எவரும் இருப்பதில்லை. அரை ஆயுள் 74 நாள்தான்: இன்று 10 நிமிடத்தில் முடியும் சிகிச்சை 74 நாள் கழித்து 20 நிமிடம் பிடிக்கும். எனவே 3, 4 மாதத்துக்கொரு முறை புது மூலம் வாங்கியாக வேண்டும்.

இதே வேலைக்குப் பயன்படும் கோபால்ட்-60க்கோ அரை ஆயுள் 5.27 ஆண்டு; மூலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. அதன் கதிர் ஊடுருவல் மிகுதி என்பதால் சுவர் தடிமனாக வேண்டும்; அது ஒருமுறைச் செலவு. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் மருத்துவமனைக்கு இக்கணக்கு முக்கியம்.

கண் புற்றுக்கு வேறு கணக்கு. சென்னை சங்கர நேத்ராலயாவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அயோடின்-125 விதைகள் (சிறு கதிர்மூலங்கள்) பயன்பட்டுள்ளன. அவற்றின் கதிருக்குச் சுமார் 28 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான். மெல்லிய உலோகத் தகடே அதைத் தடுத்துவிடும்.