பொருக்கு என்னும் வசை

வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்து முதலாளியின் பக்கம் சேர்பவனைத் தமிழ்த் தொழிலாளர் கருங்காலி என்பர். ஆங்கிலத் தொழிலாளர் அவனை 'ஸ்காப்' என ஏசுவர். புண்ணின்மேற் படியும் பொருக்கே அச்சொல்லின் நேர்ப்பொருள். பழைய நோர்ஸ் மொழியோடு உறவுடைய அச்சொல் முதலிற் சொறிநோயைக் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இழிந்தவன் என்னும் பொதுவசையாயிற்று. ('பிளாக்லெக்' என்று வேறொரு வசையும் ஆங்கிலத்தில் உண்டு, கரிய கால் என்பது அதன் சொற்பொருள். நமது கருங்காலி அதன் நிழலோ என ஐயுறத் தோன்றுகிறது. மரம் என்ன பிழை செய்தது, பாவம்!)

தெருவசை வர்க்கப் போராட்டத்தின் சொல்லானமைக்கு நாமறிந்த பழைய சான்று சப்பாத்துத் தொழிலாளரிடமிருந்தே கிடைக்கிறது. 1777 இல் பிரிஸ்டல் நகரில் அவர்கள் கூலிக்காகப் போராடியபோது, பத்திரிகையில் வெளியிட்ட அறிவித்தலில் தம்மைக் கைவிட்டோரை இச்சொல்லாற் சுட்டினர். 1806 இல் பிலடெல்பியாவில், கூலியுயர்வு கோரி ஒன்றுசேர்ந்ததே சதி எனக் கொள்ளப்பட்டு, எட்டுச் சப்பாத்துத் தொழிலாளர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். தண்டம் ஆளுக்கு எட்டு டொலர். அவ்வழக்கின் சாட்சியங்களிலும் 'ஸ்காப்' ஒலிக்கிறது. ஒற்றுமையைக் குற்றமென்று சட்டம் கூறிய காலத்தில், ஒற்றுமையை உடைத்தவனைத் தண்டிக்கத் தொழிலாளியிடம் இருந்த கருவிகளுள் இவ்வசையும் ஒன்று.

பின்னாளில் அதே வசை நீதிமன்றம் ஏறியது. சங்கத்திற் சேராதோரை 'ஸ்காப்' எனப் பெயர் குறித்து அச்சிட்டமைக்காக வேர்ஜீனியாவின் தபாற் சேவகர் சங்கமொன்றின் மீது கீழ் நீதிமன்றம் பெருந்தொகை நட்டஈடு விதித்தது. 1974 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. சங்கத்தில் இல்லாதவனை அப்பெயரால் அழைப்பது பொய்யன்று என்பது அதன் கருத்து.

ஆயினும் வசையோடு நாம் நின்றுவிடலாகாது. 'ஸ்காப்' பற்றி 1904 இல் கட்டுரை வரைந்த ஜாக் லண்டன், எவனும் விரும்பி அந்நிலையை அடைவதில்லை என்றும், பிழைத்திருக்கும் வேட்கையே அவனை உந்துகிறது என்றும் காட்டினார். 1919 ஆம் ஆண்டின் அமெரிக்க உருக்காலை வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் பல்லாயிரம் கறுப்பினத் தொழிலாளரைக் கொணர்ந்தனர். அவர்களையும் 'ஸ்காப்' என்றே ஏசினர். அவ்வாறு ஏசிய சங்கங்களுட் பல, அதற்கு முன்னர் அக்கறுப்பர் கதவைத் தட்டியபோது திறக்க மறுத்தவை.