புரோஸ்டேட் புற்றுநோய்: காத்திருப்பும் ஒரு சிகிச்சையான வரலாறு

1904 ஏப்ரலில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங், புற்றுநோய் கண்ட புரோஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றினார். ஆனால் அக்காலத்தில் பெரும்பாலோர் மருத்துவரிடம் வந்தபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. கத்திக்கு அங்கே வேலையில்லை. அவர்களுக்கு வழி திறந்தவர் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் பின்வாங்கும் என்று 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1966இல்தான் மின்னியாபொலிஸ் நோய்க்குறியியலாளர் டொனால்ட் க்ளீசனின் தரவரிசை வெளிவந்தது. அவர் தனிச் செல்லை விட்டுவிட்டு, சுரப்பிகளின் அமைப்பைப் பார்த்து வகைப்படுத்தினார். 3ஆம் வகையில் சுரப்பிகள் தனித்தனியாக நிற்கும். 4இல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 5இல் சுரப்பி வடிவமே கலைந்துவிடும். அதிகம் தென்படும் இரு வகைகளின் எண்களைக் கூட்டுவதே மதிப்பெண். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: 3+4, 4+3 இரண்டும் 7தான், ஆனால் பின்னது மோசமானது. நடைமுறையில் மிகக் குறைந்த மதிப்பெண் 6. பத்துக்கு ஆறு என்று கேட்டவர் கலங்கியது இயல்பே. 2014 சிகாகோ மாநாடு 1 முதல் 5 வரையான தரத்தொகுதிகளை ஏற்று இதைச் சீராக்கியது.

1980களில், புரோஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வந்தது. 1989இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் துணையோடு ஆறு இடங்களில் ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸி முறையை வகுத்தனர். உயிருக்கு உலை வைக்காத சிறு கட்டிகளும் அகப்படத் தொடங்கின. நரம்பைக் காக்கும் அறுவையை பேட்ரிக் வால்ஷ் 1982இல் செய்துகாட்டியிருந்ததால் அறுவைக்கான தயக்கமும் குறைந்திருந்தது. தேவையின்றிச் சிகிச்சை பெற்றுச் சிறுநீர்க் கசிவோடும் ஆண்மைக் குறைவோடும் வாழ்ந்தவர்கள் ஏராளம்.

டொரான்டோவில் லாரன்ஸ் க்ளாட்ஸ் 1995இல் மாற்றுவழியைத் தொடங்கினார்: குறைந்த தர நோயாளிகளுக்கு உடனே சிகிச்சை கிடையாது, பி.எஸ்.ஏ.வும் பயாப்ஸியும் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும். நோய் தலைதூக்கினால் சிகிச்சை. வலுவான சான்று பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்விலிருந்து வந்தது. சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 பேர் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவுகளில் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டனர். 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர். பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5. கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 61 சதவீதத்தினர் அதற்குள் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றுவிட்டனர். தரத்தொகுதி 4, 5 நோயாளிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது; வயதும் உடல்நிலையும் இடம்கொடுத்தால், அறுவையோ ஹார்மோன் மருந்தோடு கூடிய கதிர்வீச்சோதான் அவர்களுக்கு வழக்கம்.