அரசுக் குற்றவியல் வழக்குரைஞர் அலுவலகம் (காஞ்சிபுரம் வட்டாரம்)

குற்றப்பத்திரிகை தாக்கலானபின் ஒரு குற்ற வழக்கை அரசின் சார்பில் நீதிமன்றத்தில் நடத்தும் அமைப்பு. காவாந்தண்டலம் போன்ற உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூரில் அடிதடி நடந்தால் வழக்கை நடுவர் மன்றமே விசாரித்து முடிக்கும். அங்கே அரசுக்காக நிற்பவர் ஏ.பி.பி. எனப்படும் உதவி அரசு வழக்குரைஞர். கொலை என்றால் நடுவர் அதை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்புவிக்க வேண்டும், கட்டு பி.பி. எனப்படும் அரசு வழக்குரைஞரின் கைக்குப் போகும். முன்னவர் தேர்வாணையம் வழியே வரும் நிரந்தர ஊழியர். பின்னவர் குறைந்தது ஏழாண்டு தொழில் நடத்திய வழக்கறிஞர்களிலிருந்து அரசு அமர்த்துபவர். ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறுவார்.

1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமர்வு விசாரணையை அரசு வழக்குரைஞரே நடத்த வேண்டும் என்றது. நடுவர் மன்றங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. காவல்துறை அதிகாரிகளே வாதாடினார்கள். வழக்கைக் கட்டியவரின் துறையே அதை நடத்தவும் செய்தால் அதிலுள்ள ஓட்டையை யார் சொல்வது? 1958இல் சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை இரண்டையும் பிரிக்கச் சொன்னது. 1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டு புதிய சட்டம் ஏ.பி.பி. பதவியை உருவாக்கியது. இருந்தும் சில மாநிலங்களில் அவர்கள் காவல்துறையின் கீழேயே இருந்தார்கள். தனித்துறை வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

குற்றச்சாட்டு வனைந்ததும் அலுவலகத்தின் வேலை சாட்சிகளைச் சுற்றியே நடக்கிறது. யாருக்கு எந்த வாய்தாவில் சம்மன் என்று முடிவாகும்; சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கை, மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று எல்லாம் ஒவ்வொரு சாட்சி வழியாகச் சான்றாவணமாகக் குறியிடப்படும். போலீசிடம் சொன்னதைக் கூண்டில் ஏறி ‘நான் பார்க்கவில்லை’ என்று ஒருவர் மறுத்தால், அவரைப் பிறழ்சாட்சியாகக் கருதித் தானே குறுக்கு விசாரணை செய்ய பி.பி. நீதிபதியிடம் அனுமதி கேட்பார். பழைய வாக்குமூலத்தை வரி வரியாகக் காட்டிக் கேட்பார். சாட்சியும் வரி வரியாக மறுப்பார். அந்த வாக்குமூலத்தைக் கொண்டு சாட்சியை முரண்படுத்தலாம். அதையே குற்றத்துக்கு ஆதாரமாக்க முடியாது.

சாட்சிகள் பிறழ்வதன் பெரிய எடுத்துக்காட்டு காஞ்சிபுரத்திலேயே உண்டு. 2004 செப்டம்பர் 3இல் வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்தில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். செங்கல்பட்டு நீதிமன்றத்திலிருந்த வழக்கை 2005இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. தமிழ்நாட்டுப் போலீஸ் கட்டிய வழக்கை வேறோர் ஆட்சிப்பகுதியின் வழக்குரைஞர் நடத்தினார். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்தார்கள்; அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய அப்ரூவரும் அவர்களில் ஒருவர். 2013 நவம்பர் 27இல் காஞ்சி மடாதிபதிகள் உள்ளிட்ட 23 பேரும் விடுதலையானார்கள். சாட்சி சொல்ல வருபவருக்குக் காவல் கொடுக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நாடெங்கும் செல்லும்படி செய்தது 2018 டிசம்பரில்தான்.

வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரமும் இந்த அலுவலகத்துக்கு உண்டு. நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். அரசு சொல்லிவிட்டது என்பதற்காகக் கையெழுத்திடாமல் பி.பி. தானே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலை. நடப்பு எப்போதும் அப்படி என்று சொல்வதற்கில்லை.

2024 ஜூலை 1 முதல் 1973 சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா செல்லுகிறது. வழக்கைத் திரும்பப் பெறுமுன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும். அமர்வு வழக்கில் குற்றச்சாட்டு மீதான முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் அதை வனைய வேண்டும். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளைக் குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநர் கண்காணிப்பார். புதிய சட்டம் வந்த நாளுக்கு முன்பே விசாரணையிலிருந்த வழக்குகள் 1973 சட்டப்படியே தொடர்வதால், ஒரே காலையில் ஒரு கட்டில் எதிரியை 313ஆம் பிரிவிலும் அடுத்த கட்டில் 351ஆம் பிரிவிலும் நீதிமன்றம் கேள்வி கேட்கும்; இந்த அலுவலகம் இரண்டு சட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.