ரஹீம் சாரும் 4-2-4ம்

இப்போ கால்பந்துன்னு வாயைத் திறந்தாலே "பிரஸ்ஸிங்" தான். பந்து பறிபோன அடுத்த நொடியே மூணு பேர் பாய்ஞ்சு, எதிராளியோட கோல் பக்கத்துலயே அதைத் திரும்பப் பிடுங்கணும். குவார்டியோலாவும் கிளாப்பும் இதைப் பிரபலமாக்கினாங்க. ஆனா 1964ல டைனமோ கீவ் அணிக்கு வந்த விக்டர் மாஸ்லோவ்தான் இதை ஒரு முறையா விளையாட வெச்ச ஆரம்பகாலத்து ஆள். அதுக்கு ஒரு படி கீழே வரைக்கும் நம்ம இந்திய அணி ஏறியிருந்தது. சத்தியமா.

ஏத்தினவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல யூகோஸ்லாவியா 10-1னு பின்னி எடுத்துட்டாங்க. அந்தக் குளிர்ல நம்மாளுங்க சில பேர் வெறுங்காலோட ஆடினாங்க. சாரல் நேரத்துல எங்க ஆய்க்குடி வயக்காட்டுல வெறுங்காலோட பந்து உதைச்சவங்களுக்குத் தெரியும், உடம்பு திரும்பும், கால் திரும்பாது!

அதுக்கப்புறம் பூட்ஸ் வந்தது. அதைவிட முக்கியம், யோசனையும் மாறினது. 1953 நவம்பர்ல வெம்ப்ளி மைதானத்துல ஹங்கேரி, இங்கிலாந்தை 6-3னு ஜெயிச்சது. அப்போ எல்லா அணியும் W-M ஃபார்மேஷன். ஆளுக்கு ஆள் காவல். ஹங்கேரியோட சென்டர் ஃபார்வர்டு ஹிடெகுட்டி என்ன பண்ணினார்னா, முன்னாடி நிக்காம பின்னாடி இறங்கிட்டார். அவரைக் காவல் காக்கிற டிஃபென்டர் கூடவே போனா பின்னாடி ஓட்டை. போகலைன்னா அவர் இஷ்டத்துக்குப் பாஸ் கொடுப்பார். ரஹீம் இந்தப் பாடத்தைச் சீக்கிரமே பிடிச்சுக்கிட்டார். முன்வரிசையில ஒருத்தரைப் பின்னால இறக்கி ஆட வெச்சார். 1956 மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாவை 4-2னு ஜெயிச்சோம், நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம். பிரேசிலுக்கு முன்னாடியே ரஹீம் 4-2-4 ஆடினார்னு சில பேர் பெருமையா சொல்வாங்க. அது கொஞ்சம் ஓவர்னு தோணுது. ஆனா அதே திசையில, அதே காலத்துல போனார்ங்கறது போதாதா?

அவரோட பயிற்சி முறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். டிரிப்ளிங்கே பண்ணக்கூடாதுன்னு ஒரு போட்டி நடத்துவார். பந்து வந்தா உடனே பாஸ். பழக்கமில்லாத கால்ல மட்டும் ஆடணும்னு இன்னொரு போட்டி. பிரசங்கம் எதுவும் கிடையாது. விதியை ஒரே ஒரு இடத்துல மாத்தினா ஆட்டக்காரன் தானா மாறுவான்.

1962 ஜகார்த்தா. முதல் மேட்ச்லயே தென்கொரியாகிட்ட 2-0 தோல்வி. ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில அடி, தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கல, சென்டர் ஃபார்வர்டா அனுப்பினார்! அரையிறுதியில ஒரு கோல் அடிச்சார். செப்டம்பர் 4, ஃபைனல். மறுபடியும் அதே கொரியா, அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் ஒண்ணு, 2-1. கோல்கீப்பர் நம்ம பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்ல வளர்ந்தவர். அவரும் ஆரம்பத்துல சென்டர் ஃபார்வர்டுதானாம் :-)

அடுத்த வருஷம் ஜூன்ல ரஹீம் புற்றுநோயில இறந்துட்டார்.

மாஸ்லோவ் பிடிச்சது 4-2-4ல இருந்த ஓட்டையைத்தான். நடுவுல ரெண்டே பேர், பந்து போனா பிடிக்க ஆள் இல்ல. அதனால விங்கர்களைப் பின்னால இழுத்து நடுவுல கூட்டம் சேர்த்தார். அதுக்குத் தொண்ணூறு நிமிஷமும் ஓடுற உடம்பு வேணும். 1966ல இருந்து வரிசையா மூணு சோவியத் லீக் பட்டம் அவருக்கு. நாம அப்போ உள்ளூர்ல எழுபது நிமிஷ மேட்ச் ஆடிட்டிருந்தோம். 1970 பாங்காக்ல வெண்கலம். அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டுக் கால்பந்துல நமக்கு ஒரு பதக்கமும் கிடையாது.